பாய்கிற சேவலை வழிக்குக் கொண்டுவருவது எப்படி?

குஞ்சாக இருந்தபோது என் தோளில் ஏறித் தூங்கிய சேவல் அது. ஐந்தாவது மாதத்தில் ஒருநாள் தண்ணீர்ச் சட்டியைக் கழுவக் குனிந்திருந்தேன். பின்னால் செட்டை படபடக்கும் சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் இரண்டு காலும் என் கெண்டைக்காலில் இறங்கிவிட்டன. வலியைவிட, 'என்னையா?' என்ற திகைப்புதான் அதிகம். யோசித்துப் பார்த்தால், அதற்கு முன் பத்து நாளாக அது எச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

புதிதாகச் சேவல் வளர்ப்பவர்கள் கீழே உள்ளதை வரிசையாகச் செய்து பாருங்கள். இரண்டு நாளில் மாறிவிடாது, சில வாரமாவது பொறுமை வேண்டும்.

படி 1: வயதையும் வளர்ந்த விதத்தையும் பாருங்கள்

சேவல் பருவத்துக்கு வருவது சுமார் 4 முதல் 6 மாதத்தில். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறும்போது கொண்டை சிவந்து பெரிதாகும், கூவத் தொடங்கும், பெட்டைகளை மிதிக்க (இணைசேர) ஆரம்பிக்கும். முரட்டுத்தனம் தலைகாட்டுவதும் அப்போதுதான். பகல் நீளமாக இருக்கும் மாதங்களில் இனப்பெருக்க ஹார்மோன்கள் கூடுவதால் இது இன்னும் அதிகமாகும்.

கையிலேயே வைத்து வளர்த்தால் சாதுவாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெட்டைக்கு அது பெரும்பாலும் சரி. தனியாகக் கைவளர்ப்பாக வளர்ந்த சேவலுக்குப் பல சமயம் நேர்மாறு. மனிதரைக் கண்டு ஒதுங்கும் பயம் அதற்குக் கிடையாது. பருவம் வந்ததும் நம்மையும் கூட்டத்தில் ஒரு போட்டிச் சேவலாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. குஞ்சிலேயே கூட்டத்தோடு விட்டு, பெரிய கோழிகளிடம் நாலு கொத்து வாங்கி வளர்ந்த சேவல் எல்லை தெரிந்து நடக்கும் என்பது என் அனுபவம். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற இந்த வரிசையை நார்வே விலங்கியலாளர் ஷெல்டெரப் எப்பே 1921-லேயே விளக்கி எழுதிவிட்டார்.

படி 2: வேலிக்கு வெளியே நின்று கவனியுங்கள்

எல்லாப் படியிலும் இதுதான் முக்கியம், ஆனால் இதைத்தான் யாரும் செய்வதில்லை. தினமும் கால்மணி நேரம், ஒரு வாரம் போதும்.

நல்ல சேவல் எப்போதும் வேலையாகவே இருக்கும். புழு கிடைத்தால் தான் விழுங்காமல், 'டுக் டுக் டுக்' என்று தலையை ஆட்டி, எடுத்துக் கீழே போட்டுப் பெட்டைகளைக் கூப்பிடும். வானத்தில் பருந்து தெரிந்தால் ஒருவித நீண்ட கூச்சல், தரையில் நாயோ பூனையோ வந்தால் விடாத கொக்கரிப்பு. இரண்டும் வேறு வேறு சத்தம், பெட்டைகளும் அதற்கேற்ப ஒளியும் அல்லது நிமிர்ந்து பார்க்கும். இந்தக் காவல் புத்தியேதான் நம் மேலும் பாய்கிறது.

இனி நீங்கள் உள்ளே போகும்போது அது என்ன செய்கிறது என்று பாருங்கள். நேராக வராது. பக்கவாட்டில், ஒன்றும் நடக்காததுபோல நெருங்கும். உங்களை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தரையில் இல்லாத தீனியைக் கொத்தும். பிறகு ஒரு பக்கச் செட்டையைத் தாழ்த்தி, கால் விரலால் அந்த இறகைச் சரசரவென்று உரசியபடி அரைவட்டம் போடும். பெட்டையிடம் இதைச் செய்தால் காதல். உங்களிடம் செய்தால் 'வர்றியா?' என்று அர்த்தம். அடுத்தது பிடரி. கழுத்து இறகு குடைபோல விரிந்து, தலை தாழ்ந்தால் அடுத்த நொடி பாய்ச்சல்தான். பத்து நாளாக நான் 'எவ்வளவு அழகாக ஆடுகிறது' என்று ரசித்துக்கொண்டிருந்தது இந்த ஆட்டத்தைத்தான்!

எது அதைத் தூண்டுகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஆடும் பாவாடை, துடைப்பம், வாளி, புது ரப்பர் செருப்பு, ஓடும் குழந்தை, நீங்கள் ஒரு பெட்டையைப் பிடிக்கும்போது அது போடும் கத்தல்... இதில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும்.

படி 3: வலியும் நெரிசலும் இல்லை என்று உறுதி செய்யுங்கள்

இதுவரை சாதுவாக இருந்த சேவல் திடீரென்று மாறினால் உடம்பைச் சோதியுங்கள். இரவில் சோதிப்பது சுலபம். இருட்டில் கோழிக்குச் சரியாகக் கண் தெரியாது, தூக்கினாலும் பேசாமல் இருக்கும். மங்கலான விளக்கில் உள்ளங்காலில் கறுப்புப் பொருக்கோடு வீக்கம் உண்டா, செட்டைக்கடியிலும் பின்பக்கத்திலும் பேன், செள் உண்டா, கால் முள் (காலின் பின்பக்கம் கூராக வளர்வது) சதையைக் குத்துமளவு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை என்பது பொதுவான கணக்கு. குறைந்தால் பெட்டைகளின் முதுகு இறகு உதிரும், சேவல்களுக்குள் சண்டை மூளும். ஒன்றுக்கு மேல் சேவல் இருந்தால் தீனியும் தண்ணீரும் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். தோற்ற சேவல் கண்ணில் படாமல் ஒதுங்க ஒரு பலகைத் தடுப்போ புதரோ வேண்டும். யார் தலைவன் என்று தெரியவில்லையா? விடியலில் முதலில் கூவுவது யார் என்று கேளுங்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி முதல் கூவல் தலைமைச் சேவலுடையது, மற்றவை தரவரிசைப்படி பின்தொடர்கின்றன.

படி 4: பாயும்போது

ஓடாதீர்கள். உதைக்கவும் வேண்டாம். ஓடினால் அது ஜெயித்துவிட்டது. நாளைக்கும் அதையே செய்யும். உதைத்தால் நீங்களே 'ஆமாம், நான் போட்டிச் சேவல்தான்' என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சில சேவல் அதற்குப் பிறகு பயந்து விலகும், பல சேவல் இன்னும் உக்கிரமாக வரும். எலும்பு முறியும் ஆபத்து தனி.

முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தடித்த பேன்ட், கையில் ஒரு மூடி அல்லது தட்டையான பலகை. அது வந்தால் பலகையைக் குறுக்கே பிடித்து அப்படியே நில்லுங்கள். கத்த வேண்டாம், கையை வீச வேண்டாம். முட்டிப் பார்க்கும், இரண்டாவது முறையும் முட்டும், அப்புறம் தரையைக் கொத்துவதுபோல நடித்து விலகும். அது விலகிய பிறகுதான் நீங்கள் நகர வேண்டும், அதுவும் முதுகைக் காட்டாமல் மெதுவாக.

அக்குளில் இடுக்கிக்கொண்டு சுற்றினால் அடங்கிவிடும் என்று சொல்வார்கள். செட்டையை உடம்போடு அணைத்து, காலைப் பிடித்துக்கொண்டு சில நிமிடம் வைத்திருந்தால் அப்போதைக்குத் தணியும், உண்மைதான். தலையைக் கீழே அழுத்துவது, தலைகீழாகத் தொங்கவிடுவது எல்லாம் எனக்கு உடன்பாடில்லை. கோழிக்கு உதரவிதானம் கிடையாது. தலைகீழாகப் பிடித்தால் உள்ளுறுப்புகள் காற்றுப்பைகளை அழுத்தி மூச்சுத் திணறும்.

படி 5: தினமும் பத்து நிமிடம்

எவ்வளவு தூரத்தில் அது பிடரியைச் சிலிர்க்கிறது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்தடி என்றால் பன்னிரண்டு அடியில் நின்று, அது அமைதியாக இருக்கும்போதே கொஞ்சம் தானியம் தூவிவிட்டு வந்துவிடுங்கள். பெட்டைகளைக் கூப்பிட்டு அது ஊட்டட்டும், அதன் கௌரவம் உங்களால் கூடுகிறது. சில நாளுக்கு ஒருமுறை ஒரு அடி நெருங்குங்கள். சிலிர்த்தால் பின்னுக்கு வந்துவிடுங்கள். பாய்ந்த உடனே மட்டும் தீனி போடாதீர்கள், பாய்ந்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும்.

வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். ஒருவர் பொறுமையாகப் பழக்க, இன்னொருவர் துடைப்பத்தோடு துரத்தினால் வேலைக்கு ஆகாது.

படி 6: முள்ளும் காயமும்

முள்ளின் உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் உண்டு. அதனால் வெட்டாமல், நுனியை மட்டும் அரத்தால் மழுக்கினால் போதும். ரத்தம் கசிந்தால் சோள மாவை வைத்து அழுத்துங்கள்.

முள் குத்திய காயம் வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் ஆழமாக இருக்கும். சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்ட காலத்தைப் பாருங்கள். சிவந்து வீங்கினால் மருத்துவரிடம் போங்கள்.

சிறு குழந்தைகளின் முகம் சேவல் பாயும் உயரத்தில் இருக்கிறது, கண் போனால் போனதுதான். சேவல் முழுதாக அடங்கும்வரை குழந்தைகளைத் தனியே உள்ளே விடவே கூடாது.

படி 7: முடிவு

இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகப் பழக்கியும் ரத்தம் வரக் குத்துகிறதா? தனிக் கூண்டில் பிரித்து வைக்கலாம், அல்லது விஷயத்தை மறைக்காமல் சொல்லி, குழந்தைகள் இல்லாத, இடம் தாராளமாக உள்ளவரிடம் கொடுக்கலாம். கறிக்கு அனுப்பினாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும்: அதோடு சேர்ந்த பெட்டைகளின் முட்டைகளை அடை வைக்காதீர்கள், சுபாவம் குஞ்சுக்கும் வரக்கூடும்.

என் சேவல் இப்போது மூன்றாவது வயதில் இருக்கிறது. நான் உள்ளே போனால் பெட்டைகளைக் கூட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கும். ஆனாலும் தண்ணீர்ச் சட்டியை நான் இன்றுவரை வேலிக்கு வெளியே கொண்டுவந்துதான் கழுவுகிறேன்.