கவிழ்ந்த லாரியை நிமிர்த்தியதும் செல்ஃப் அடிக்காதீர்கள்

ஆனி, ஆடிக் காற்றில் பணகுடிக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவே வைக்கோல் பாரம் சாய்வதும், புளியரை வளைவில் ஜல்லி வண்டி உருள்வதும் இந்தப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளுக்குப் புதிதில்லை. கிரேன் தூக்கி வண்டி சக்கரத்தில் நின்றதும், வேலைக்குப் புதிதாக வந்த பையன் கேபினில் ஏறிச் சாவியைத் திருகுகிறான். அவனுக்கு முன்னால் வந்தவன் செய்ததும் இதுதான். உடைந்த ரேடியேட்டர், ஒழுகும் டீசல் டேங்க் எல்லாம் கண்ணுக்கே தெரியும். அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

"ஒரு செல்ஃப் அடிச்சுப் பாக்கட்டுமா, அண்ணாச்சி?"

கூடாது. கவிழ்ந்த வண்டிகளில் பிழைத்திருக்க வேண்டிய இன்ஜின்களைக் கொல்வது இந்த ஒரு கேள்விதான்.

வண்டி தலைகீழாகவோ பக்கவாட்டிலோ கிடக்கும்போது, இன்ஜினின் அடித்தொட்டியான சம்பில் உள்ள ஆயில் இருந்த இடத்தில் இருக்காது. பிஸ்டன் ரிங் இடைவெளி வழியாகவும் வால்வு கைடு வழியாகவும் சிலிண்டருக்குள் இறங்கும். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியே, காற்று நுழையும் இன்டேக் பக்கமும் போகும். காற்றை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது. 5.9 லிட்டர், 6 சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 980 மி.லி. அழுத்த விகிதம் 17.5 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சுவது ஏறத்தாழ 60 மி.லி. இடம்தான். அதற்குமேல் ஆயில் நின்றால் பிஸ்டன் மேலே வர வழியில்லை. செல்ஃப் மோட்டார் தள்ளும், பக்கத்துச் சிலிண்டர் பற்றிக்கொண்டால் அதுவும் சேர்ந்து தள்ளும். வளைவது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு.

அது உடனே தெரிந்தாலாவது பரவாயில்லை. லேசாக வளைந்த ராடோடு இன்ஜின் ஓடும். ஐடிலில் கொஞ்சம் ஆட்டம், கொஞ்சம் வெள்ளைப் புகை, அவ்வளவுதான். "பழைய வண்டிதானே" என்று லோடு ஏற்றுவார்கள். பிறகு ஒருநாள் கயத்தாறு மேட்டில் ராடு முறிந்து பிளாக்கைத் துளைத்து வெளியே வரும். ஆயில் வடித்துச் சுத்தம் செய்வதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, பிளாக், கிராங்க் மாற்றுவதில் வந்து நிற்கும். கியரில் போட்டு இழுத்து ஸ்டார்ட் செய்வது இன்னும் மோசம். வண்டி உருளும் விசை முழுதும் அந்த ராடின் மேல் இறங்கும்.

கிரேன்காரருக்கு அவசரம், முதலாளிக்குப் பதற்றம். மெக்கானிக் இரண்டுக்கும் மசியக் கூடாது.

செய்ய வேண்டிய முறை: வண்டியைச் சமதரையில் ஒரு ராத்திரி நிறுத்தி, ஆயில் சம்புக்கு இறங்க விடுங்கள். அதனால் சிலிண்டர் காலியாகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். இன்ஜெக்டர்கள் அத்தனையையும் கழற்றுங்கள். காமன் ரயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும்) வண்டியானால் இன்ஜின் நின்று 10 நிமிஷமாவது ஆகாமல் பைப்பைத் தொடக் கூடாது, அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போகும். பிறகு கிராங்க் புல்லியிலோ ஃப்ளைவீலிலோ இரும்பு பார் போட்டுக் கையால் 2 முழுச் சுற்று சுற்றுங்கள். 4 ஸ்ட்ரோக் இன்ஜினில் எல்லா சிலிண்டரும் ஒருமுறை கம்ப்ரஷன் உச்சியைத் தொட அது போதும். ஒரே இடத்தில் தட்டி நின்றால் பாருக்குப் பைப் மாட்டி இழுக்காதீர்கள். உள்ளே ஏதோ இருக்கிறது, ஹெட்டைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

தடையில்லாமல் சுற்றினால், டீசல் வராதபடி பம்ப் சொலினாய்டு வயரைக் கழற்றி, இன்ஜெக்டர் துளைகளின் மேல் சாக்கைப் போட்டு, 10 விநாடி செல்ஃப் அடியுங்கள். ஆயில் பீச்சிக்கொண்டு வரும். முகத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். துளையிலிருந்து வெறும் காற்று வரும்வரை, நடுவில் மோட்டாரை ஆறவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டும். இன்ஜெக்டரை மாட்டும்போது செம்பு வாஷர் புதிது.

சாவியை அணைத்தும் நிற்காத இன்ஜின்

சிலிண்டரை வடித்தவர்கள்கூட, டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை மறந்துவிடுகிறார்கள். டர்போ குழாயிலும் இன்டர்கூலரிலும் தேங்கிய ஆயிலை இன்ஜின் உறிஞ்சி எரிபொருளாக்கிக்கொள்ளும். சாவியை அணைத்தாலும் டீசலை நிறுத்தினாலும் வேகம் ஏறிக்கொண்டே போகும். குழாய்களைக் கழற்றி வடியுங்கள், ஆயிலில் நனைந்த ஏர் ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டின்போது, இன்டேக் வாயைவிடப் பெரிய ப்ளைவுட் துண்டோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். இன்ஜின் அப்படிக் கட்டுமீறி வேகமெடுத்தால் காற்றை அடைப்பதுதான் வழி. கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது.

பேட்டரி

முதல் வேலை நெகட்டிவைக் கழற்றுவது. கொட்டிய ஆசிட்டின் மேல் சமையல் சோடா கரைத்த தண்ணீர்.

ஆயில் கேஜ்

கேஜ் குச்சியில் அளவு சரியாகத் தெரிந்தாலும் பழைய ஆயில் வேண்டாம். புது ஃபில்டர், கம்பெனி சொன்ன கிரேடு. டீசல் இல்லாமல் செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் முள் ஏறிய பிறகே ஹேண்ட் பம்ப் அடித்து டீசல் லைனில் ஏர் எடுங்கள்.

கட்டி இழுக்கும்போது

கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றாமல் இழுக்காதீர்கள். இன்ஜின் சுற்றாதபோது கியர்பாக்ஸ் மேல்பகுதிக்கு ஆயில் ஏறாது.

இன்சூரன்ஸ்

விபத்துக்குப் பிறகு பழுது பார்க்காமல் வண்டியை ஓட்டி, அதனால் கூடுதல் சேதம் வந்தால் அது உரிமையாளர் பொறுப்பு என்று மோட்டார் பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறது. பேட்டரியைத் தவிர மற்ற வேலைக்கு, இன்சூரன்ஸ் சர்வேயர் பார்த்துப் படம் எடுத்த பிறகு ஸ்பேனரைக் கையில் எடுங்கள்.