பேச்சிப்பாறைப் பக்கம் குதிரைச் சவாரி: திட்டமிடும்போதே செய்துவிடும் தவறுகள்

பேச்சிப்பாறை நீர்த்தேக்கம், பின்னால் மலை, சுற்றிலும் ரப்பர் தோட்டம். குதிரையில் மெதுவாகப் போய்ப் பார்க்க நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைவிட அழகான இடம் இல்லை என்பேன். ஆனால் பலர் எங்கே காட்சி நன்றாக இருக்கும் என்று பார்த்தே பாதையைத் தீர்மானிக்கிறார்கள். குதிரைக்கு எது ஒத்துவரும் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரிகிற காட்டுப் பாதையெல்லாம் நாம் போகலாம் என்று நினைப்பது ஆபத்தான தவறு. அணைக்கு மேலே உள்ள காடுகள் 2008-இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. தடுப்பூசி போடாத கால்நடையைச் சரணாலயத்துக்குள் கொண்டுசெல்வதையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டம் சொல்லும் கால்நடைகளில் குதிரையும் உண்டு. காரணம் நியாயமானது. வீட்டு விலங்கின் நோய் காட்டு விலங்குக்குப் பரவினால் மருத்துவம் பார்க்க யாராலும் முடியாது. யானையின் வாடை பட்டாலே மிரண்டு திரும்பி ஓடக்கூடிய குதிரையின் மேல், சவாரி பழகாத ஒருவர் உட்கார்ந்திருப்பதையும் எண்ணிப் பாருங்கள். தோட்டச் சாலைகளும் ஊர்ப் பாதைகளுமே போதும்.

தோட்டத்துக்குள்ளும் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். விடியற்காலையில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டு நடக்கும். நெற்றி விளக்குடன் ஒருவர் மரத்தின் பின்னாலிருந்து திடீரென்று வந்தால் குதிரை விலகித் துள்ளும். மழைக்காலத்தில் மரங்களில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் காற்றில் படபடத்தாலும் அப்படியே. மர வரிசைக்குள் நெருங்கிப் போனால் பால் வடியும் சிரட்டைகளில் கால் இடிக்கும், ஒருவருடைய உழைப்பும் கொட்டிப் போகும். எந்தப் பகுதியில் வெட்டு முடிந்துவிட்டது என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் நீர் இறங்கியதும் அகலமாகத் தெரியும் வண்டல் கரையைப் பார்த்து, குதிரையை ஓட விட ஏற்ற மைதானம் என்று ஏமாந்துவிடாதீர்கள். மேலே வெடித்துக் காய்ந்திருக்கும், அடியில் சேறு குழைந்திருக்கும். மனிதர் நடந்துபோன இடம்தானே என்பதும் கணக்காகாது. குதிரை தன் பாரம் முழுவதையும் நான்கு சிறு குளம்புகளில்தான் இறக்குகிறது. கால் புதைந்ததும் பதறித் திமிறும். அப்போதுதான் தசைநார் கிழிகிறது. கரையை மேட்டிலிருந்து பார்த்தால் போதும்.

இளைப்பாற நிறுத்தும் இடத்தையும் கவனிக்க வேண்டும். இதைப் பற்றி யாரும் பேசாததால் அழுத்தியே சொல்கிறேன். நம் ஊரில் எங்கு திரும்பினாலும் மரச்சீனி விளை, அதாவது மரவள்ளித் தோட்டம். மரச்சீனி இலையில் சயனைடு விஷத்தை வெளிவிடும் சத்து உண்டு. ரப்பர் விதையிலும் உண்டு. வேலியோரத்து அரளி இன்னும் கொடியது. சிறிதளவு தின்றாலே குதிரையின் இதயம் நின்றுபோகலாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனதை வெளியே கொண்டுவர வழியில்லை. ஆகவே கையில் புல்லும் தண்ணீரும் கொண்டுபோங்கள், மேய விடாதீர்கள். கடிவாள வாரைக் கொண்டும் கட்டாதீர்கள். மிரண்டு இழுத்தால் வாய் கிழியும். தலைக்கயிறு போட்டுக் கட்டுவதே சரி.

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் நல்லவை. பள்ளி விடுமுறை என்பதற்காக ஏப்ரல், மே மாதங்களில் போனால் பிற்பகல் இடிமழையில் மாட்டிக்கொள்ள நேரும், காலையோடு முடித்துவிடுங்கள். நனைந்த தார்ச்சாலையில் லாடம் வழுக்கும்.

எடை விஷயத்தில் வெட்கம் வேண்டாம். சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 350 கிலோ குதிரைக்கு அது 70 கிலோதான். அப்பாவும் பிள்ளையும் ஒரே குதிரையில் ஏறுவது புகைப்படத்தில் அழகாக இருக்கலாம், குதிரையின் முதுகெலும்பு அதைத் தாங்காது.

தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாமல் நேரத்தில் கணக்கிடுங்கள். நடையில் குதிரை மணிக்கு ஆறு கிலோமீட்டர் அளவில் போகும். முதல் முறை சவாரி செய்பவருக்கு ஒரு மணி நேரத்திலேயே தொடை வலிக்கத் தொடங்கிவிடும். செருப்போடு ஏறினால் கால் அங்கவடிக்குள் (சேணத்தில் தொங்கும், பாதம் வைக்கும் வளையம்) நழுவிச் சிக்கும், விழுந்தால் இழுத்துக்கொண்டு போகும். சிறிய குதிகால் உள்ள ஷூவும் ஹெல்மெட்டும் கட்டாயம். ஏறிச் சில நிமிடம் நடந்த பிறகு சேணத்தின் வாரை மறுபடி இறுக்கிப் பாருங்கள், நிச்சயம் தளர்ந்திருக்கும்.

திரும்பும்போது கொட்டடி நினைப்பில் குதிரை வேகமெடுக்கும். ஓட விடாமல் கடைசிப் பகுதியை நடையிலேயே கொண்டுவாருங்கள். வேர்த்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பார்கள். அதைக் கேட்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். பிறகு நான்கு குளம்பையும் தூக்கிப் பார்த்து, சிக்கியிருக்கும் சரளைக் கல்லை எடுத்துவிடுங்கள்.