வயிற்றில் பாலிப் என்றதும் ஊறுகாயைத் திட்டாதீர்கள்

பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் பெரியப்பாவின் எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டில் ‘பாலிப்’ என்று எழுதியிருந்தது. அன்று ராத்திரியே பெரியம்மா ஆவக்காய் ஊறுகாயை ஒளித்துவிட்டார். பாவம், அதன்மேல் வீண்பழி. வயிற்றின் உள்சவ்வில் வரும் இந்தச் சதை வளர்ச்சிகளில் பெரும்பாலானவை புற்றுநோயும் அல்ல, காரத்தால் வருபவையும் அல்ல. வலியும் இருக்காது, வேறெதற்கோ எண்டோஸ்கோபி செய்யும்போதுதான் கண்ணில் படும்.

டாக்டர் என்னென்ன மாத்திரை என்று கன்னடத்தில் கேட்க, பெரியப்பா பிபி, சுகர் மாத்திரைகளை மட்டும் ஒப்பித்தார். தினமும் காபிக்கு முன்னால் போடும் ‘கேஸ் மாத்திரை’ ஏழு வருஷமாக ஓடுகிறது. அது அவர் கணக்கில் மாத்திரையே இல்லை. நான் பார்த்தவரை எல்லோரும் செய்யும் தவறு இதுதான். பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் போன்ற, அமிலத்தைக் குறைக்கும் இந்த கேஸ் மாத்திரைகளை வருஷக்கணக்கில் போட்டால், இரைப்பையின் மேல்பகுதிச் சுரப்பிகள் விரிந்து சின்னச்சின்ன பாலிப்புகள் ஆகலாம். இவை அநேகமாகத் தொந்தரவு தராதவை.

சரி, நாளையிலிருந்து மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று கிளம்பாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து நெஞ்சு எரியலாம். இதயத்துக்கு ஆஸ்பிரினோ, மூட்டுவலிக்கு வலிமாத்திரையோ சாப்பிடுகிறவர்களுக்கு வயிற்றில் ரத்தக்கசிவு வராமல் காப்பதே அந்த மாத்திரையாக இருக்கலாம். டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் குறைக்க வேண்டும்.

பாலிப்புக்கு இன்னொரு காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி உண்டாக்கும் நாள்பட்ட அழற்சி. (வயிற்றுக்கு இந்தக் கிருமி என்ன செய்யும் என்று காட்ட ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984இல் அதைத் தானே குடித்துப் பார்த்தார், 2005இல் நோபல் பரிசு வந்தது.) கிருமி போனால் சில பாலிப்புகள் தாமாகவே சுருங்கிவிடும். ஆனால் கேஸ் மாத்திரையைப் போட்டுக்கொண்டே இந்தக் கிருமியைக் கண்டறியும் மூச்சுப் பரிசோதனைக்குப் போனால், இருக்கும் கிருமியும் இல்லை என்று வரலாம். பொதுவாக இரண்டு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், அதையும் டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். கிருமியை ஒழிக்கத் தரும் ஆன்டிபயாடிக் கோர்ஸையும் வயிறு சரியானதும் பாதியில் விடக்கூடாது.

வைட்டமின் பி12 குறைந்தால் “நாங்க சைவம், அதான்” என்று விட்டுவிடுவதும் உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியே இரைப்பைச் சவ்வைத் தாக்கும் அழற்சியிலும் பி12 குறையலாம், பாலிப்பும் வரலாம்.

அப்புறம், பயாப்சி, அதாவது சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பது. எந்த வகை பாலிப் என்பதை அதுதான் சொல்லும். அடினோமா வகை பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடும், எடுத்துவிட வேண்டும். பெரியப்பாவின் பயாப்சி ரிப்போர்ட் பத்து நாளாக ஆஸ்பத்திரி கவுண்டரிலேயே கிடந்தது. “ஏதாவது இருந்தா அவங்களே போன் பண்ணுவாங்கப்பா” என்றார். யாரும் பண்ணவில்லை. நான்தான் போய் வாங்கி வந்தேன்.