கரிமச் சூரிய மின்கலம்: மூலக்கூறு வரையும்போதே நுழைந்துவிடும் தவறுகள்

2019இல் ஒய்6 என்ற ஏற்பி (எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும்) மூலக்கூறு வந்து, கரிம மின்கலத்தின் செயல்திறனை 15 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுபோனது. அதன்பின் எல்லார் கண்ணும் அந்த எண்மீதுதான். சிங்கப்பூரில் இத்துறைக்குள் வரும் மாணவர்கள் அதை மட்டும் துரத்தக்கூடாது. நிலம் குறைந்த இந்த ஊரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடங்களின் சுவரும் ஜன்னலும் மின்சாரம் தரவேண்டுமானால், எடை குறைந்த, ஒளி ஊடுருவும் இந்தக் கலங்கள் அருமையான வழி. ஆனால் வெயிலையும் புழுக்கத்தையும் ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும்.

பலரும் கவனிக்காமல் விடுவது ஒரே ஒரு பிணைப்பை. ஐடிஐசி, ஒய்6 போன்ற ஏற்பிகளில் நடுக்கருவையும் இருபுற முனைக்குழுக்களையும் கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பு இணைக்கிறது. எலக்ட்ரானை இழுக்கும் முனைக்குழு பக்கத்திலேயே இருப்பதால் அந்தப் பிணைப்பு எளிதில் தாக்குதலுக்கு உள்ளாகும். அடியில் எலக்ட்ரானைக் கடத்தும் துத்தநாக ஆக்சைடு படலம் இருந்து புற ஊதா ஒளியும் பட்டால், அங்கே உருவாகும் எளிதில் வினைபுரியும் துணுக்குகள் அதை உடைக்கும். மூலக்கூறு நிறம் வெளுத்துப்போகும். முனைக்குழுவில் இன்னும் ஃபுளோரின் சேர்த்து ஆற்றல் மட்டத்தைச் சரிசெய்வதற்குமுன், அந்தப் பிணைப்பை யார் காக்கிறார்கள் என்று கேளுங்கள். பக்கத்து வளையத்தில் ஒரு அல்கைல் (கார்பன்–ஹைட்ரஜன்) சங்கிலி வைத்தால் அது ஓரளவு மறைக்கும். துத்தநாக ஆக்சைடுக்குப் பதில் வெள்ளீய ஆக்சைடு படலமும் கைகொடுக்கும்.

அடுத்தது, மூலக்கூறு கரைவதற்காக அதன் ஓரத்தில் ஒட்டும் பக்கச் சங்கிலி. கரையவில்லை என்றதும் நீளத்தைக் கூட்டுவது கைப்பழக்கம். நீளம் கூடினால் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (இறுகிய படலம் இளகத் தொடங்கும் வெப்பநிலை) இறங்கும், மின்னூட்டப் போக்குவரத்தும் மெலியும். நண்பகலில் கூரைத் தகடு 60 டிகிரியைத் தாண்டும். படலம் வெயிலில் வைத்த நெய்போல இளகி, ஏற்பிகள் நகர்ந்து திரளும். எலக்ட்ரானைத் தரும் வழங்கியும் அதை வாங்கும் ஏற்பியும் நெருக்கமாகக் கலந்திருந்த அமைப்பு கலைந்துவிடும், செயல்திறனும் கூடவே போகும். இரண்டு ஏற்பிகளை ஓர் இணைப்பால் கோத்த இருபடி மூலக்கூறு மிக மெதுவாகவே நகரும். தயாரிப்புப் படிகள் கூடும், கரைதிறனும் குறையும். நான் அந்த விலையைக் கொடுக்கவே சொல்வேன்.

குளோரோஃபார்ம் என்ற கரைப்பானில், டைஅயோடோஆக்டேன் என்ற துணைப்பொருளைச் சேர்த்தால் மட்டுமே நன்றாக வேலைசெய்யும் மூலக்கூறை நம்பவேண்டாம். முன்னதைத் தொழிற்சாலை ஏற்காது. பின்னது படலத்தில் தங்கி, ஒளியில் அயோடின் துணுக்குகளை உமிழும்.

சோதனையைக் கடைசிக்குத் தள்ளுவதும் தவறுதான். நைட்ரஜன் பெட்டிக்குள் அறை வெப்பநிலையில் எடுத்த ஆயுட்கணக்கு இந்த ஊருக்குப் பொருந்தாது. மூலக்கூறு கைக்கு வந்த வாரமே தனிப் படலமாகப் பூசி, ஒளியிலும் 85 டிகிரியிலும் வைத்து, ஒளி உறிஞ்சும் நிறமாலை மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் முழுக் கலம் கட்டவேண்டாம், வரைபடத்துக்கே திரும்புங்கள். மாறவில்லையென்றால், உறையிட்ட கலத்தை 85 டிகிரி, 85 விழுக்காடு ஈரப்பதத்தில் 1,000 மணி நேரம் வையுங்கள். சந்தையில் விற்கும் சிலிக்கான் தகடுகளும் அந்தச் சோதனையைத் தாண்டியே வருகின்றன.