திருகோணமலையில இருந்து டென்னிஸ் ரேங்கிங்குக்கு: என்ட்ரி போடுறது எப்பிடி

விம்பிள்டன் நேரம் வந்தா எங்கட பெடியள் கேக்கிற கேள்வி ஒண்டுதான், "மாமா, அங்க விளையாட யார் கூப்பிடுறது?" ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. ஏ.எல் எழுதி கம்பஸ் போற மாதிரித்தான், அப்ளிகேஷன் போடோணும், போட்ட ஆக்கள ரேங்கிங் வரிசையில அடுக்குவாங்க, இடம் முடியிற இடம்தான் கட் ஓஃப். விம்பிள்டன் மாதிரி நாலு பெரிய டூர்னமென்ட்டத்தான் கிராண்ட் ஸ்லாம் எண்டுறது, அதில சிங்கிள்ஸ்ல 128 இடம், 104 பேர் நேரா ரேங்கிங்கில, 16 பேர் முதல்ல நடக்கிற தகுதிச் சுற்றில, அதான் குவாலிஃபையிங்ல, 3 மெட்ச் வெண்டு, மிச்சம் 8 வைல்ட் கார்ட். வைல்ட் கார்டை மாவட்டக் கோட்டா எண்டு நினைக்காதீங்க, அது நடத்துறவங்கட விருப்பம். ஆனா 2001ல 125ஆம் இடத்தில இருந்த குரோஷியாக்காரர் இவானிசெவிச் அந்தக் கார்ட்லதான் வந்து விம்பிள்டனையே தூக்கினார்.

கம்பஸுக்குப் பாக்கிற இசட் ஸ்கோர் ஒருக்கா எடுத்தா எடுத்ததுதான், ரேங்கிங் அப்பிடி இல்ல. டூர்னமென்ட்ல வெண்டு எடுக்கிற பொயின்ட்டாலதான் ரேங்கிங், 52 கிழமை போனா அந்தப் பொயின்ட் கழண்டு விழுந்திடும், அதே டூர்னமென்ட்ல திரும்பவும் எடுத்தாத்தான் மட்டு மட்டா நிக்கலாம். பிரிட்டன் பெட்டை ராடுகானு 2021ல குவாலிஃபையிங்ல இருந்து வந்து யூ.எஸ் ஓபன் வெண்டவ, அடுத்த வருசம் அதே இடத்தில முதல் ரவுண்ட்லயே தோத்துப்போய், 11ல இருந்து 83க்கு இறங்கிட்டா. ஒரே ஒரு மெட்ச்தான் தோத்தது, வருசக் கணக்கு முழுக்கக் கழிஞ்சு போச்சு.

எங்க தொடங்குறது? ஐடிஎஃப்ல, அதான் சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தில. 14 வயசு ஆகியிருக்கோணும், ஐபின் எண்டு ஒரு பிளேயர் நம்பர் எடுக்கோணும், அதுக்குப் பிறகுதான் எம்15, எம்25 (எம் எண்டா ஆம்பிளையளுக்கு) மாதிரி சின்ன டூர்னமென்ட்டுக்கு என்ட்ரி போடலாம். எம்15 வெண்டா 15 பொயின்ட், மெயின் டிரோவில, அதான் குவாலிஃபையிங் முடிய நடக்கிற பிரதான சுற்றில, முதல் ரவுண்ட் வெண்டா 1. கிராண்ட் ஸ்லாம் வெண்டா 2000, வித்தியாசத்தப் பாருங்க! ஆம்பிளைப் பிள்ளையளுக்கு அந்த ஒரு பொயின்ட் இருந்தாலே ஆம்பிளையள்ட உலக ரேங்கிங்கான ஏடிபி லிஸ்ட்ல பேர் வரும், பொம்பிளைப் பிள்ளையளுக்கு 3 டூர்னமென்ட்ல பொயின்ட் எடுக்கோணும், இல்லாட்டி மொத்தமா 10 பொயின்ட். காசு? எம்15ல மொத்தப் பரிசே 15,000 டொலர், அதை சிங்கிள்ஸ் டபிள்ஸ் எல்லாருக்கும் பிரிச்சா முதல் ரவுண்ட்ல தோக்கிறவனுக்கு டிக்கெட் காசும் வராது, இதை வீட்டில முதலே சொல்லி வைங்க.

இப்ப கவனமாக் கேளுங்க. எம்15க்கு என்ட்ரி மூடுறது டூர்னமென்ட் தொடங்குற திங்களுக்கு 18 நாள் முந்தி வாற வியாழன், ஜிஎம்டி 14:00. எங்கட நேரம் பின்னேரம் 7.30. நாங்க ராத்திரி 12 வரைக்கும் இருக்கு எண்டு நம்பி டச்பேயில கடலை கொறிச்சுக்கொண்டு இருந்தம், தங்கச்சிட மகன் 8 மணிக்கு ஃபோனைத் திறந்தா மூடியாச்சு. அவன் அண்டைக்கு என்னோட கதைக்கேல்ல. விலகிறதெண்டாலும் கடைசி நாள் இருக்கு, அது அடுத்த செவ்வாய், அதே நேரம். அதுக்குப் பிறகு வராம விட்டா தண்டனை வரும். ஜூனியருக்கு நாள் கணக்கு வேற, ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.

லிஸ்ட் வந்த உடன உங்கட பேர் எந்தப் பகுதியில இருக்கு எண்டு பாருங்க. மெயின் டிரோவா, குவாலிஃபையிங்கா, இல்ல ஆல்டர்னேட்டா. ஆல்டர்னேட் எண்டா வெயிட்டிங் லிஸ்ட்தான், மனம் விடாதீங்க, மேல இருக்கிற ஆக்கள் ஒரே கிழமைக்கு ரெண்டு மூண்டு ஊருக்கு என்ட்ரி போட்டு வைச்சிருப்பாங்க, அவங்க ஒண்டைப் பிடிக்க மற்ற லிஸ்ட் மேல ஏறும். கிராண்ட் ஸ்லாமுக்கு இந்த லிஸ்ட் 6 கிழமை முந்தியே எடுக்கிறது, அதால பிறகு ரேங்கிங் பாய்ஞ்சு ஏறினாலும் குவாலிஃபையிங்தான் விளையாட வேண்டி வரும். பெரிய ஆக்கள் தொடக்கத்திலயே ஒருத்தரோட ஒருத்தர் மோதாம பிரிச்சுப் போடுற 32 சீட் மட்டும் டூர்னமென்ட்டுக்குக் கிட்ட வாற ரேங்கிங்கப் பாத்துப் போடுவாங்க. 6 மாசத்துக்கு மேல காயத்தில இருந்தவங்களுக்கு பழைய ரேங்கிங்கால உள்ள வர புரொடெக்டட் ரேங்கிங் எண்டு ஒண்டு இருக்கு, எங்களுக்கு இப்ப அது தேவையில்ல.

குவாலிஃபையிங் கடைசி ரவுண்ட்ல தோத்தாலும் பையைக் கட்டாதீங்க. மெயின் டிரோவில யாராவது கடைசி நேரம் விலகினா லக்கி லூசரா உள்ள போகலாம், சென்னைப் பெடியன் பிரஜ்னேஷ் 2020 ஆஸ்திரேலியன் ஓபனுக்குள்ள அப்பிடித்தான் போனவர். ஆனா காலையில போய் லக்கி லூசர் லிஸ்ட்ல சைன் பண்ணியிருக்கோணும். அதால கொழும்பில விளையாடப் போனா, திரும்பி வாற நைட் ட்ரெயினுக்கு முதலே டிக்கெட் போடாதீங்க.