ஊருக்கு வரும்போது ட்ரோன்: தமிழ்நாட்டில் எது செல்லும், எது செல்லாது

வெளிநாட்டில் வாங்கிய ட்ரோனைப் பெட்டியில் வைத்துத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வராதீர்கள். 2022 பிப்ரவரி 9 அன்று இந்திய வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் ட்ரோன் இறக்குமதியைத் தடை செய்தது. முழுதாகப் பொருத்திய ட்ரோனுக்கும், பிரித்துக் கொண்டு வந்து இங்கே பூட்டுவதற்கும் தடை ஒன்றுதான். ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும், அதுவும் முன் அனுமதியோடு, விலக்கு உண்டு. கல்யாணமும் கோயில் கும்பாபிஷேகமும் அந்தப் பட்டியலில் வராது.

பலர் ஏமாறும் இடம் 250 கிராம் கணக்கு. "என்னுடையது 249 கிராம்தான், அதற்கு எந்த விதியும் இல்லை" என்று நம்பி வருகிறார்கள். 2021-ன் ட்ரோன் விதிகள் 250 கிராம் வரை உள்ளதை நானோ வகை என்று வைத்து, பைலட் சான்றிதழ், காப்பீடு, வகைச் சான்றிதழ் (அந்த மாடல் இந்தியத் தரத்துக்கு ஏற்றது என்ற சான்று) ஆகியவற்றில் சலுகை தருகின்றன. அந்தச் சலுகை பறப்பதற்குத்தான். இறக்குமதித் தடை எடை பார்ப்பதில்லை.

தெரியாமல் கொண்டு வந்துவிட்டால், விமான நிலையச் சுங்கத்தில் அறிவிக்க எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் நடக்காதீர்கள். சிவப்பு வழிக்குப் போய்ச் சுங்க அதிகாரியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். சுங்கச் சட்டம் 1962-ன் 80-வது பிரிவின்படி, உண்மையாக அறிவித்த பயணி, தடை செய்யப்பட்ட பொருளைச் சுங்கத்தின் காவலில் வைத்து, நாடு திரும்பும்போது பெற்றுக்கொள்ளக் கேட்கலாம். ரசீதில் மாடலும் வரிசை எண்ணும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். சென்னையில் இறங்கித் திருச்சி வழியாகத் திரும்புவோர் அதையும் முதலிலேயே சொல்ல வேண்டும். பொருள் கிடப்பது இறங்கிய விமான நிலையத்தில். மறைத்துப் பிடிபட்டால் இந்த வாய்ப்பு போய்விடும். பறிமுதலும் அபராதமும்தான் மிஞ்சும்.

ஸ்கேனரில் தப்பி வெளியே வந்துவிட்ட ட்ரோனாலும் பயனில்லை. இங்கே பறக்க ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனி அடையாள எண் வேண்டும். நானோவைவிடப் பெரியதற்கு அந்த எண் கிடைக்க, அந்த மாடல் இந்திய வகைச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். வெளியில் வாங்கிய பிரபல மாடல்களுக்குப் பெரும்பாலும் அது இருக்காது. விதிகளை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஊரில் உள்ள ஒரு ட்ரோன்காரரை அமர்த்துவதுதான் சரியான வழி. கல்யாண வீடியோ எடுப்பவர்கள் ட்ரோனையும் பேக்கேஜில் சேர்த்தே விலை சொல்வார்கள். முன்பணம் கொடுக்கும் முன் மூன்று காகிதங்களைக் கேளுங்கள். முதலாவது ட்ரோனின் அடையாள எண். இரண்டாவது பைலட் சான்றிதழ்: 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரையிலான மைக்ரோ வகையைச் சொந்தப் பொழுதுபோக்குக்குப் பறக்கவிட அது தேவையில்லை, கூலிக்குப் பறக்கவிட்டால் கட்டாயம். பத்தாம் வகுப்பு முடித்து, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் படித்தவருக்கே அது கிடைக்கும். 10 ஆண்டுகள் செல்லும். மூன்றாவது மூன்றாம் நபர் காப்பீடு. பந்தலில் கூடியிருப்பவர் தலையில் விழுந்தால் இழப்பீடு அதிலிருந்துதான் வர வேண்டும் என்பதால், மற்ற இரண்டையும்விட இதை அழுத்திக் கேளுங்கள்.

ஊரில் இருக்கும் தம்பியோ மச்சானோ சொந்தமாக வாங்க விரும்பினால், வகைச் சான்றிதழ் உள்ள மாடலை வாங்கி டி-2 படிவத்தில் 100 ரூபாய் கட்டிப் பதியலாம். 2024 திருத்தத்துக்குப் பிறகு பாஸ்போர்ட் கட்டாயமில்லை. வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம் போதும். பழைய ட்ரோனைக் கைமாற்றி வாங்கினால் டி-3 படிவத்தில் பெயர் மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுப் பிறகு சிக்கலில் மாட்டுபவர்கள் அதிகம்.

அடுத்தது இடம். ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று நிறம். பச்சையில் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்த உயரம் 200 அடியாகக் குறையும். 5 முதல் 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சள். வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அனுமதி இல்லாமல் எழுப்பக் கூடாது. சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். வயலும் தோப்புமான பெரும்பாலான கிராமங்கள் பச்சையில்தான் இருக்கும். சிக்கல் வருவது நீங்கள் ஆசைப்படும் இடங்களில். தஞ்சைப் பெரிய கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அதே ஊரில் விமானப்படைத் தளமும் இருக்கிறது. ராமேஸ்வரம் போகும் வழியில் உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம். அரக்கோணம், சூலூர், தாம்பரம், கல்பாக்கம், கூடங்குளம் பக்கம் நினைக்கவே வேண்டாம். முதுமலை போன்ற காடுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் எழுப்பினால் வழக்கு வரும்.

முந்தைய வாரம் பச்சையாக இருந்த இடம் அன்று காலை சிவப்பாகலாம். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி, ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை, எந்த இடத்தையும் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க முடியும். பிரதமர், முதல்வர் வருகையின்போதும் பெருந்திருவிழாக்களிலும் இது சாதாரணம். ஆகவே எழுப்பும் நாளன்று காலையிலும் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். கூட்டம் சேரும் நிகழ்ச்சி என்றால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் தேதி, நேரம், இடம், பைலட் பெயர் எழுதி ஒரு கடிதம் கொடுத்து ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கோயிலானால் செயல் அலுவலரின் எழுத்து அனுமதியும் வேண்டும். குருக்கள் வாய்வார்த்தையாகச் சொன்னது போதாது.

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழி, தென்காசிப் பக்கம் காற்று சிறிய ட்ரோனை இழுத்துக்கொண்டு போய்விடும். பருந்து வட்டமிட்டால் உடனே இறக்கச் சொல்லுங்கள். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை வழியாக அறிவிப்பது பைலட்டின் கடமை.

இதே பயணத்தில் யாழ்ப்பாணமும் போகிறவர்கள் இந்த விதிகளை அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். இலங்கையில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதியும் பாதுகாப்பு அமைச்சின் இசைவும் வேண்டும். பலாலி விமான நிலையமும் படை முகாம்களும் நெருக்கமாக உள்ள வடக்கில், புறப்படும் முன்பே எழுத்தில் வாங்காத அனுமதியை நம்பி எதையும் எழுப்ப வேண்டாம்.