புது ஸ்கோப் மாட்டியதும் குறி தப்புகிறதா? குமிழைத் திருகாதீர்கள், திருகைப் பாருங்கள்

டெக்சஸில் மான் வேட்டைப் பருவம் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது என் .308 போல்ட் ஆக்‌ஷன் ரைபிளுக்குப் புதிதாக ஒரு 3-9x40 ஸ்கோப் (குறியைப் பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி) மாட்டினேன். சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போய் 100 கஜத்தில் மூன்று தோட்டா சுட்டால் ஒன்று வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம், மூன்றாவது தாளிலேயே இல்லை. ஸ்கோப்பின் குறியை நகர்த்தும் குமிழை இப்படியும் அப்படியும் திருகித் திருகி இரண்டு பெட்டி, அதாவது 40 தோட்டா, காலி. கடைசியில் பார்த்தால் வேலையைக் காட்டியது ஒரு சின்னத் திருகு. அந்தக் கதை கீழே வருகிறது.

1. கொத்தா, சிதறலா?

மூன்று துளையும் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலத்துக்குள் கொத்தாக விழுந்து, கொத்து மட்டும் மையத்தை விட்டுத் தள்ளி இருந்தால் கவலையே வேண்டாம். குமிழைத் திருகினால் சரியாகிவிடும். துளைகள் ஆளுக்கொரு மூலையில் இருந்தால் குமிழில் கை வைக்கவே கூடாது. எதையோ பிடித்திருக்க வேண்டிய ஒன்று பிடிக்காமல் ஆடுகிறது என்று அர்த்தம். நான் 40 தோட்டாவை வீணாக்கியது இந்த வித்தியாசம் புரியாமல்தான்.

2. திருகுகள்

தோட்டா அறை காலி என்று பார்த்துவிட்டு, ஸ்கோப்பையும் அதைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்கையும் கழற்றி, ரிங் உட்காரும் பேஸ் வரைக்கும் போங்கள். பாதியில் நிறுத்தினால் பயன் இல்லை.

பேஸைப் பிடிக்கும் திருகுகள் பெரும்பாலும் 6-48 அளவு. பொட்டலத்தில் எல்லாம் ஒரே நீளம் மாதிரித்தான் தெரியும். என்னுடையதில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு மில்லிமீட்டர் குட்டை. முன் பேஸின் முன் துளைக்கு வர வேண்டியது அதுதான், ஏனென்றால் அந்தத் துளைக்கு நேர் கீழே குழலின் மரை இருக்கிறது. நான் அங்கே நீளத் திருகைப் போட்டுவிட்டேன். திருகின் நுனி அடியில் போய் முட்டி நின்றுவிட்டது. குறித்த இறுக்கம் வந்ததும் ஒலிக்கும் டார்க் ரெஞ்சும் ‘டக்’ என்றது. கைக்கும் இறுக்கமாகவே இருந்தது. ஆனால் திருகின் தலை பேஸை அழுத்தவே இல்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் பேஸ் ஒரு மயிரிழை நகர்ந்தது. 100 கஜத்தில் அந்த மயிரிழை ஒரு சாண் ஆகிவிடும்.

கண்டுபிடிக்க எளிய வழி: மற்ற திருகுகளை எல்லாம் எடுத்துவிட்டு, சந்தேகமான ஒன்றை மட்டும் இறுக்குங்கள். பேஸைக் கட்டைவிரலால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் திருகு நீளம். மார்க்கரால் நுனிக்கு மை பூசி இறுக்கிக் கழற்றினால், முட்டிய இடத்தில் மை அழிந்திருப்பதும் தெரியும்.

சரியான திருகு கிடைத்ததும் மரையில் இருக்கும் எண்ணெயை ஆல்கஹாலால் துடையுங்கள். பேஸ் திருகுக்கு, திருகு தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு. ரிங் திருகுக்கு வேண்டாம். ரிங்குக்கு 15 முதல் 18 இன்ச்-பவுண்ட் (இறுக்கத்தின் அளவு) போதும். அதற்கு மேல் போனால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். உங்கள் ரிங்கோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதையே கேளுங்கள். எல்லாம் முடிந்ததும் திருகுத் தலைக்கும் ரிங்குக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு. திருகு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

காசு செலவழிப்பதென்றால் முதலில் இன்ச்-பவுண்ட் டார்க் ரெஞ்சுக்குச் செலவழியுங்கள். குழல் எங்கே பார்க்கிறது என்று ஒளிப்புள்ளியால் காட்டும் லேசர் போர் சைட்டர் வாங்குவது தண்டம். தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழல் வழியாகவே குறியைப் பார்க்க முடிகிறபோது லேசர் எதற்கு?

3. 25 கஜத்தில் தொடங்குங்கள்

முன்கட்டைக்குக் கீழே மணல் மூட்டை வையுங்கள். குழல் மூட்டையைத் தொடக் கூடாது. குழல் வழியாகத் தெரியும் புள்ளிக்கு ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டைக் கொண்டுவந்துவிட்டு 25 கஜத்தில் சுடுங்கள். துளை மையத்துக்கு அரை முக்கால் அங்குலம் கீழே இருந்தால் சரி, 100 கஜத்தில் தாளுக்குள் விழும்.

எம்ஓஏ என்பது ஒரு கோண அளவு, 100 கஜத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம். கால் எம்ஓஏ குமிழ் என்றால் ஒரு கிளிக் 100 கஜத்தில் கால் அங்குலம். கொத்து 3 அங்குலம் கீழே, 2 அங்குலம் இடது என்றால் மேலே 12 கிளிக், வலது 8 கிளிக். 25 கஜத்தில் அதே தூரம் நகர்த்த நான்கு மடங்கு கிளிக் வேண்டும். இதை மறந்துவிட்டு ‘குமிழ் வேலை செய்யவில்லை’ என்று ஸ்கோப்பைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

4. இன்னும் சிதறினால்

குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு டாலர் நோட்டை நுழைத்து இழுங்கள். மிதக்கும் குழல், அதாவது கட்டையைத் தொடாத குழல் என்றால் நோட்டு தடையில்லாமல் ஓட வேண்டும். மரக்கட்டை ஈரத்தில் உப்பிக் குழலைத் தொடும். மூன்று தோட்டாவுக்கு ஒருமுறை குழலை ஆறவிடுங்கள். வேட்டைக் குழல் மெலிசு, சூடானால் குறி நகரும். 150 கிரெய்ன் (குண்டின் எடை) தோட்டாவில் சிதறுவது 165 கிரெய்னில் ஒன்றாகச் சேரலாம், ஒரு பெட்டி மாற்றிப் பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால்தான் ஸ்கோப்பைச் சந்தேகப்பட வேண்டும். வேறு ஸ்கோப் ஒன்றை இரவல் வாங்கி மாட்டினால் விடை தெரிந்துவிடும்.

பிற்சேர்க்கை: ‘தலையை லேசாக அசைத்தால் குறுக்குக்கோடு குறியை விட்டு நகர்கிறது, ஸ்கோப் பழுதா?’ என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பழுதில்லை, அது பாராலாக்ஸ். பக்கக் குமிழ் இல்லாத வேட்டை ஸ்கோப்புகளைப் பெரும்பாலும் 100 கஜத்துக்குச் சரிசெய்து அனுப்புகிறார்கள். 25 கஜத்தில் கோடு நகரத்தான் செய்யும். கன்னத்தைக் கட்டையில் ஒரே இடத்தில் பதித்துச் சுட்டால் போதும்.

இன்னொன்று: முதல் தோட்டா மட்டும் தனியாக மேலே போகிறது என்றார் ஒருவர். முந்தைய நாள் இரவு குழலைத் துடைத்து எண்ணெய் விட்டிருக்கிறார். எண்ணெய்க் குழலில் முதல் தோட்டா எங்கே போகும் என்று சொல்ல முடியாது. காட்டுக்குக் கிளம்பும் முன் காய்ந்த துணியை இரண்டு முறை குழலுக்குள் விட்டு எடுங்கள்.